நம்ம ஊருக்கு ஒரு ரெக்கார்டிங் ரூம்

ஸ்டூடியோ என்றாலே நமக்குக் கோடம்பாக்கம்தான் ஞாபகம் வரும். ஆனால் 1940களில் காரைக்குடியிலேயே ஏ.வி.எம். ஸ்டூடியோ இருந்தது. 1947-ல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்த படம்தான். 1929-லேயே இசைக் கல்லூரி கண்ட சிதம்பரத்துக்கு? ஊர்ப் பெயரோடு பாடிய சிதம்பரம் ஜெயராமனே வெளியூர் போய்த்தான் பாட்டைப் பதிந்தார்.

நமக்கு வாய்த்தது கேசட் கடை. 1963-ல் பிலிப்ஸ் கம்பெனி கொண்டுவந்த கேசட், 80களில் கடலூர், சிதம்பரம் கடைத்தெருவுக்கும் வந்துவிட்டது. லிஸ்ட் எழுதிக் கொடுத்தால் பக்கத்துக்கு 30 நிமிஷம் பதிந்து தருவார்களாம். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் அது நம்ம தலையெழுத்து! எல்லாம் சினிமாப் பாட்டுதான். ஊர்க்காரன் குரலுக்கு மைக் வைத்த கடையை அப்பா பார்த்ததே இல்லையாம்.

அவரே ஒருமுறை, இரவல் டேப்ரெக்கார்டரில் ஆயாவின் நடவுப் பாட்டைப் பதிந்தார். கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறெதுவும் பதியாது. இதை அப்பாவுக்கு யார் சொல்வது? எங்கள் வீட்டில் எலக்ட்ரானிக்ஸ் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். சித்தப்பா அதே கேசட்டில் சினிமாப் பாட்டு ஏற்றிவிட்டார். ஆயா இப்போது இல்லை.

கையில் செல்போன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, எத்தனை பேர் பாட்டியைப் பாடச் சொன்னோம்? பைனல் இயர் புராஜெக்ட் என்று வருஷாவருஷம் டிராஃபிக் லைட் சர்க்யூட்டே செய்கிறோம். ஒரு காலி ரூம், எதிரொலி அடங்கச் சுவரில் சாக்கு, நல்ல மைக், ஒரு கம்ப்யூட்டர் போதும். கூத்துக்காரர், ஓதுவார், நடவு நட்ட ஆயாக்கள் எல்லாரையும் கூப்பிடலாம். மைக் வாங்க முதல் நூறு ரூபாய் என்னுடையது. சங்கத் தலைவர் அவர்களே, ரசீது புக்கை எடுங்கள்!