படம் பேசும் பாடம்



சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். வகுப்பறைப் பாடத்துக்குச் சுவர் எது? பிள்ளை தினமும் கண்ணால் காணும் உலகம்தான். இந்த மாதம் அந்தச் சுவரையும், அதில் சித்திரம் எழுத நான் பழகிக்கொண்ட ஒரு புதுக் கருவியையும் பற்றிப் பேசலாம். அந்தக் கருவி, கணினியில் படங்களைத் திருத்தும் மென்பொருள். "அது வாத்தியார் வேலையல்லவா, எங்களுக்கென்ன?" என்று கேட்பீர்கள். பாதி வேலை உங்கள் கையில் இருக்கிறது.

கடையில் வாங்கும் பட அட்டைகளில் ஆப்பிள் உண்டு, பனிக்கரடி உண்டு. பிள்ளைகள் பெயரைச் சொல்வார்கள், அதோடு சரி. காண்டா வாளியின் படத்தை மாட்டிப் பாருங்கள். வாய் திறக்காத பிள்ளையும், "எங்க பாட்டி இதுலதான் பால் தூக்குவாங்க, சார்" என்று எழுந்து நிற்கும். பேச வந்துவிட்டால் எழுதவும் வந்துவிடும். இன்னொன்றும் உண்டு. அப்பா அம்மாவின் தொழிலைச் சொல்லக் கூச்சப்படும் பிள்ளைகளை நான் அறிவேன். பால் வெட்டும் கத்தியும் மங்கும் செம்பனைக் குலையும் அழகான படமாக வகுப்புச் சுவரில் இருந்தால், அந்தக் கூச்சம் மெல்லக் குறைகிறது.

இப்போது கருவிக்கு வருவோம். போட்டோஷாப் என்னும் மென்பொருள் 1990இல் வெளிவந்தது. அதற்குக் கட்டணம் உண்டு. கலிபோர்னியாவில் இரண்டு மாணவர்கள் உருவாக்கி 1996இல் வெளியிட்ட கிம்ப் என்பதோ இலவசம். பள்ளி வேலைக்கு அதுவே தாராளம். எல்லாவற்றையும் கற்க வேண்டியதில்லை. வேண்டாத ஓரத்தை வெட்டுவது, வெளிச்சத்தைக் கூட்டுவது, பின்னால் தெரியும் குப்பையை நீக்குவது, எழுத்துச் சேர்ப்பது, அடுக்கு வைப்பது ஆகிய ஐந்தும் போதும். தினம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் கை பழகிவிடும்.

இவற்றுள் அடுக்கு என்பதுதான் ஆசிரியருக்குப் பொன்னான வசதி. கண்ணாடித்தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது போன்றது அது. அடியில் ரப்பர் மரம், அதன்மேல் கத்தி, அதற்கும் மேல் 'கத்தி' என்ற சொல். சொல் இருக்கும் தாளை மறைத்தால் வினா அட்டை. மீண்டும் காட்டினால் விடை அட்டை. வெட்டுவது, பால் வடிவது, சேகரிப்பது, நிறுப்பது என நான்கு படங்களை ஒரே தாளில் வைத்தால் தொடர்படக் கட்டுரைக்கு ஏற்ற பயிற்சி.

இதில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. 'கொட்டகை' என்று எழுதினால் கொம்பு ககரத்துக்கு முன்னும், கால் பின்னும் நிற்க வேண்டும். தமிழ் எழுத்தமைப்பு சரியாக அமையாத மென்பொருளில் கொம்பு இடம் மாறிப் பின்னால் போய்விடும். பெரியவர்கள் ஊகித்துப் படித்துவிடுவார்கள். எழுத்துப் பழகும் பிள்ளையோ அதையே சரியென்று மனத்தில் பதித்துக்கொள்ளும். ஆகவே அச்சிடுமுன் ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்ப்பது கட்டாயம்.

படத்தைத் திருத்தலாம், பொய்யாக்கக் கூடாது. ஐந்து குலை உள்ள மரத்தில் இருபது குலை காட்ட இந்த மென்பொருளால் முடியும். அப்படிக் காட்டினால் காட்டுக்குப் போய் வரும் தகப்பனாரிடம் பிள்ளை எதைக் கேட்கும்? எதை நம்பும்? அதுபோலவே, பெற்றோர் சம்மதமின்றி எந்தப் பிள்ளையின் முகத்தையும் அட்டையில் சேர்ப்பது முறையல்ல.

இனி உங்கள் பங்கு. உங்கள் கைப்பேசியே போதும். கண்ணாடியைத் துடைத்துவிட்டு, வெளிச்சம் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். பொருளை வெள்ளைத் துணிமேல் வைத்து, ஒரு படத்தில் ஒரே பொருளாக எடுங்கள். பக்கத்தில் ஒரு காசை வைத்தால் அளவு தெரியும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, பெரிதாக அச்சிடும்போது மங்கிவிடும். அதை 'ஆவணம்' என்ற வழியில் அனுப்புங்கள். ஒரு ஏ4 தாள் முழுவதும் தெளிவாக அச்சாக வேண்டுமானால், அகலத்தில் 2,480, நீளத்தில் 3,508 புள்ளிகள் இருப்பது நல்லது. இது புரியாவிட்டால் இடைநிலைப்பள்ளியில் படிக்கும் மூத்த பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியம், பொருளின் பெயர். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்த தோட்டங்கள் பல. மங்கு, ஒட்டுப்பால், கட்டிப்பால், பெரட்டு என்ற சொற்களைக் கேளாமலே வளரும் பிள்ளைகள் இன்று இருக்கிறார்கள். பொருள் மறைந்தால் சொல்லும் மறையும். சொல்லோடு சேர்ந்து, நம் முன்னோர் பட்ட பாடும் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகும்.

ஆகையால், துருப்பிடித்த வாளியையும் தேய்ந்த கத்தியையும் பழைய சாமான்காரரிடம் போடுமுன், ஒரு படம் எடுத்து உங்கள் பிள்ளையின் ஆசிரியருக்கு அனுப்பி வையுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.