பேரேட்டைப் பூட்டி வைத்தோம், லேப்டாப்பை?

நம் வியாபாரிகளில் கையால் பேரேடு எழுதுகிறவர் இன்று அரிது. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்த பிறகு, மளிகைக் கடை முதல் மொத்த மண்டி வரை கணக்கெல்லாம் லேப்டாப்புக்குள் போய்விட்டது. காலத்துக்கேற்ற மாற்றம்தான். ஆனால் பேரேட்டுக்குக் காட்டிய அக்கறையில் கால் பங்காவது அந்த லேப்டாப்புக்குக் காட்டுகிறோமா?

நாலைந்து வருடம் ஆனதும் மெஷின் மந்தமாகிறது. பில் போட நேரமாகிறது. சரக்கு எடுக்க வந்தவர் நின்றுகொண்டிருக்கிறார். யாரைக் கேட்டாலும் "புதுசு வாங்கிவிடுங்கள்" என்பதே பதில். எங்கள் கடை லேப்டாப்பை வெளியூரில் ஓரிடத்தில் பார்க்கக் கொடுத்தபோதும் நான்கு நாள் வைத்திருந்து அதையேதான் சொன்னார்கள். அந்த நான்கு நாளும் எங்கள் கொள்முதல் விலை, யார் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் முன்பின் அறியாத ஒருவர் மேசையில் கிடந்தது. பிறகு என் பேரன் வீட்டிலேயே அடிமூடியைக் கழற்றி உள்ளிருக்கும் டிரைவை மாற்றினான். ஒன்றரை மணி நேர வேலை. அந்த மெஷின் இன்றும் பில் போடுகிறது.

என் கருத்து இதுதான்: மெல்லிய லேப்டாப்பில் டிரைவை மாற்றுவது கடையிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலை. கணக்கு நம் கையை விட்டுப் போகாமல் இருக்க அதுவே நல்ல வழி.

முதலில் தேவையா என்று பார்க்க வேண்டும். சுழலும் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 150 மெகாபைட் படிக்கும். சாட்டா வகை எஸ்.எஸ்.டி. சுமார் 550 வரை. என்.வி.எம்.இ. வகையில் சாதாரணமானதே 2,000-க்கு மேல். ஹார்ட் டிஸ்க் உள்ள மெஷினுக்கு மாற்றம் கண்கூடாகத் தெரியும். ஏற்கெனவே எஸ்.எஸ்.டி. இருந்தால் இடம்தான் கூடும், வேகம் பெரிதாகக் கூடாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய பிராசசருக்கு டிரைவை மாற்றுவதால் அந்தக் குறை தீராது.

அடுத்து, பொருந்துமா என்பது. அடிப்பக்கத்தில் உள்ள மாடல் எண்ணைக் கொண்டு கம்பெனியின் சர்வீஸ் கையேட்டைப் பார்க்க வேண்டும். மெல்லிய லேப்டாப்புகளில் பெரும்பாலும் எம்.2 என்ற சிறு பட்டைதான் இருக்கும். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242, 2230 என்ற குட்டைகளும் உண்டு. சாட்டாவும் என்.வி.எம்.இ.யும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஒன்றுக்கான இடத்தில் மற்றது வேலை செய்யாமல் போகலாம். இரு பக்கமும் சில்லு உள்ள பட்டை சில மெல்லிய மெஷின்களில் அடங்காது. 2018 முதல் வந்த மேக்புக் ஏர் போன்றவற்றில் சில்லுகளைப் போர்டிலேயே பற்றவைத்திருக்கிறார்கள். அவற்றில் மாற்ற வழியில்லை. ஆகவே புதிதாக வாங்கும்போதே "டிரைவ் கழற்றக்கூடியதா?" என்று கேட்டு வாங்க வேண்டும்.

வேலைக்கு முன் கணக்கு முழுவதையும் வெளி டிஸ்க் ஒன்றில் நகல் எடுத்து, அது திறக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்கச் சாவியைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். புது டிரைவை யு.எஸ்.பி. உறையில் போட்டுப் பழையதை அப்படியே பிரதி எடுக்கலாம். பிறகு மெஷினை அணைத்து, சார்ஜரை எடுத்து, மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். ஸ்குரூக்கள் ஒரே நீளமாக இருக்காது. எந்தக் குழிக்கு எது என்று தாளில் குறித்து வைக்காமல் நீளமானதைத் தவறான இடத்தில் முறுக்கினால் போர்டு பாழாகும். நம்மூர் போன்ற கடலோரத்தில் உப்புக்காற்று உலோகத்தை விடாது. திறந்த மெஷினை இரவெல்லாம் அப்படியே போட்டுவைக்கக் கூடாது.

உத்தரவாதம் போய்விடுமே என்பார்கள். உத்தரவாதக் காலத்தில் உள்ள மெஷினுக்கு நிபந்தனைகளைப் படித்துவிட்டே கை வைக்க வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் காலம் கடந்த மெஷினுக்கு அந்த அச்சம் எதற்கு? பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் நலத்துறையே 2022 ஜூலையில் குழு அமைத்து, அதே ஆண்டு டிசம்பரில் தனி இணையதளமும் தொடங்கியது. நம் பொருளைத் திறந்து பார்ப்பது குற்றம் போலப் பேசுவதை நாம் ஏற்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியம் கழற்றிய பழைய டிரைவ். அதைப் பழைய இரும்புக்காரருக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் கொடுப்பது பேரேட்டைத் தெருவில் வைப்பதற்குச் சமம். அழித்ததாக நினைக்கும் கோப்புகளையும் மீட்டெடுக்க முடியும். மேலும் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆவது பிரிவுப்படி, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும். பழைய டிரைவில் வருடத்தை எழுதிப் பெட்டியில் பூட்டி வையுங்கள். ஆனால் அதை மட்டும் நம்பாமல் இன்னொரு நகலும் இருக்கட்டும்.

2025 கடைசியில் நினைவகச் சில்லுகளின் விலை ஏறியது. ஆகவே சென்னை ரிச்சி தெருவில் ஒருவரும் இணையத்தில் ஒருவருமாகத் தனித்தனியே வாங்காமல், தேவையுள்ள உறுப்பினர்கள் சேர்ந்து பில்லுடன் வாங்கினால் விலை குறைத்துக் கேட்கலாம். தராசு முத்திரைக்குச் சங்கம் நமக்கு உதவுவது போல, இதற்கும் ஒரு நாள் பயிற்சி வகுப்பு நடத்தலாம். கடைப் பையன்களும் கணக்கப்பிள்ளைகளும் வந்து கற்றுக்கொள்ளட்டும். அடுத்த செயற்குழுவில் இதைப் பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டுமென நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.