தராசின் முன் நிற்பவருக்கும் விலை தெரியட்டும்

மாண்புமிகு ஒன்றிய விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் திரு. கிஞ்சராபு ராம்மோகன் நாயுடு அவர்களுக்கு,

பன்னாட்டு விமானங்களில் கூடுதல் லக்கேஜுக்கு வாங்கும் கட்டணம் பற்றி உங்களிடம் முறையிடவே இந்த மடல். அந்தக் கட்டணமே கூடாது என்று நான் கேட்கவில்லை. அனுமதித்த எடைக்கு மேல் கொண்டுபோகிறவர் அதற்குரிய பணத்தைக் கொடுக்கத்தான் வேண்டும். என் கவலை வேறு. ஒரே விமானத்தில், ஒரே ஊருக்கு, ஒரே அளவாகப் பத்துக் கிலோவை இரண்டு பேர் கூடுதலாகக் கொண்டுபோகிறார்கள். நாலு நாள் முன்னதாக இணையத்தில் வாங்கியவர் ஒரு தொகை கொடுக்கிறார். செக்-இன் கவுன்டரில் வாங்குகிறவர் அதைவிட மிக அதிகமாகக் கொடுக்கிறார். முன்கூட்டி வாங்கினால் கணிசமாக மிச்சம் என்று விமான நிறுவனங்களே விளம்பரம் செய்கின்றன. எடை ஒன்றாக இருக்கும்போது விலை எதனால் மாறுகிறது? ஒருவருக்கு விவரம் தெரிந்திருந்தது, மற்றவருக்குத் தெரியவில்லை என்பதால்தான். இந்த இடைவெளியில் உங்கள் அமைச்சகம் தலையிட வேண்டும் என்பதற்கான காரணங்களை முன்வைக்கிறேன்.

இந்தச் செலவைத் தவிர்ப்பது எப்படி என்று அடிக்கடி பறக்கிறவர்களைக் கேட்டால் வரிசையாகச் சொல்வார்கள். டிக்கெட் எடுக்கும்போதே கூடுதல் எடையைச் சேர்த்து வாங்கிவிடலாம். வளைகுடா, சிங்கப்பூர், மலேசியத் தடங்களில் பெரும்பாலும் மொத்தக் கிலோ கணக்கு. அமெரிக்கா, கனடா என்றால் பெட்டி எண்ணிக்கைக் கணக்கு, பெட்டிக்கு 23 கிலோ. இதைத் தெரிந்துகொண்டு அதற்கேற்பக் கட்டலாம். எந்தக் கணக்கானாலும் ஒற்றைப் பெட்டி 32 கிலோவைத் தாண்டினால், தூக்கி ஏற்றும் தொழிலாளர்களின் முதுகைக் கருதிப் பொதுவாக ஏற்கமாட்டார்கள். அது நியாயமான விதி. குடும்பமாகப் போகிறவர்கள் ஒரே பதிவு எண்ணில் இருந்தால் எல்லோருடைய எடையையும் சேர்த்துப் பார்க்கச் சில நிறுவனங்கள் சம்மதிக்கும். மாணவர்களுக்கும் கப்பல் ஊழியர்களுக்கும் கூடுதல் எடை தரும் தனிக் கட்டணங்கள் உண்டு. அவசரமில்லாத சாமானை வளைகுடாவில் இருப்பவர்கள் கப்பல் கார்கோவில் போட்டுவிடலாம். தனித்தனி டிக்கெட்டில் இரண்டு நிறுவனங்களின் விமானங்களை இணைத்துப் போகிறவர், முதல் விமானம் 46 கிலோவை ஏற்றுக்கொண்டாலும் அடுத்த விமானம் 20 கிலோவுக்கு மேல் பணம் கேட்கும் என்பதை முன்பே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். எல்லாமே பயன்தரும் வழிகள்தான். ஆனால் இவற்றில் ஒன்றுகூட கவுன்டருக்கு வந்து நின்ற பிறகு உதவாது. விதியும் விலையும் நாள் கணக்கில் முன்னதாகத் தெரிந்தவருக்கு மட்டுமே இந்தக் கட்டணம் தவிர்க்கக்கூடிய கட்டணம்.

தெரியாதவர் யார்? திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கோ மஸ்கட்டுக்கோ வேலைக்குப் போகிறவரை எண்ணிப் பாருங்கள். பலருக்குப் பத்தாம் வகுப்புப் படிப்பு இல்லை; குடிபெயர்வு அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள். டிக்கெட்டை அவர்கள் எடுப்பதில்லை. ஆளெடுக்கும் ஏஜென்டோ அங்கே வேலை தரும் நிறுவனமோ எடுக்கிறது. முன்பதிவில் ஏஜென்டின் மின்னஞ்சலும் கைப்பேசி எண்ணும் இருந்தால், கூடுதல் எடையைக் குறைந்த விலையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று விமான நிறுவனம் அனுப்பும் செய்தி ஏஜென்டோடு நின்றுவிடும். பயணியின் சொந்தத் தொடர்பு எண்ணைக் கேட்டுப் பதிவில் சேர்க்க வேண்டும் என்று பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா தன் முகவர்களுக்கு விதித்திருக்கிறது. அதை யார் சரிபார்க்கிறார்கள் என்பதுதான் கேள்வி. பயணியின் கையில் கிடைக்கும் தாளில் '30 கே' என்றோ '1 பிசி' என்றோ ஒரு சுருக்கம் இருக்கும். அதைத் தாண்டினால் கிலோவுக்கு எவ்வளவு என்று பெரும்பாலும் இருக்காது. அந்த விலையை அவர் முதன்முதலாகக் கேட்பது, பெட்டி தராசில் ஏறி, பின்னால் வரிசை நின்று, கவுன்டர் மூடும் நேரம் நெருங்கிக்கொண்டிருக்கும்போது. இணையத்தில் குறைந்த விலைக்கு வாங்கும் வாய்ப்பு அதற்குச் சில மணி நேரம் முன்பே மூடப்பட்டிருக்கும். பணம் கட்டலாம், பெட்டியைப் பிரித்துச் சாமானை விட்டுவிட்டுப் போகலாம், அல்லது விமானத்தையே விடலாம். வேலை விசாவோடு போகிறவருக்கு மூன்றாவது ஒரு வழியே அல்ல. உங்கள் ஸ்ரீகாகுளம் மாவட்டத்திலிருந்தும் பிழைப்புக்காக வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போகிறவர்கள் ஏராளம். நான் யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்பது உங்களுக்குப் புதிதாக இருக்காது.

எடை கூடினால் செலவு கூடும் என்று நிறுவனங்கள் சொல்லும். உண்மை. எவ்வளவு கூடும் என்று பார்ப்போம். கூடுதலாக ஏறும் எடையைச் சுமக்க, பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அந்த எடையில் ஏறத்தாழ 3 முதல் 4 சதவீதம் அளவுக்கு எரிபொருள் கூடுதலாக எரியும் என்பது விமானத் துறையில் பரவலாகப் பயன்படும் கணக்கு. சென்னையிலிருந்து துபாய்க்குச் சுமார் நான்கு மணி நேரம். 10 கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிலோ எரிபொருள். லிட்டரில் சொன்னால் ஒன்றரை முதல் இரண்டு. லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் 150 முதல் 200 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. எரிபொருள் மட்டுமே செலவல்ல என்பதையும் ஏற்கிறேன். ஏற்றி இறக்கும் கூலி உண்டு. பயணியின் பெட்டி பிடித்துக்கொண்ட இடத்தில் காசு தரும் சரக்கு போயிருக்கலாம்; திருச்சியிலிருந்து காய்கறி விமானத்தில்தான் போகிறது, அந்த இடத்துக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் இந்த இழப்பு, முன்கூட்டி வாங்கியவரின் பத்துக் கிலோவுக்கும் இருக்கிறதே? சொல்லப்போனால் கடைசி நேரத்தில் வரும் எடைக்குக் குறைவாகவே இருக்கும். சரக்கு எவ்வளவு என்பது அதற்குள் முடிவாகியிருக்கும். விமானத்தில் இடமில்லை என்றால் கவுன்டரில் கூடுதல் எடையை ஏற்கவே மாட்டார்கள். ஏற்கிறார்கள் என்றால், காலியாகப் பறந்திருக்கக்கூடிய இடத்தைத்தான் விற்கிறார்கள். திட்டமிட உதவுவதாலும் வரிசையில் தாமதத்தைக் குறைப்பதாலும் முன்கூட்டி வாங்குகிறவருக்கு ஒரு தள்ளுபடி கொடுப்பதில் தவறில்லை. அந்தத் தள்ளுபடியின் அளவு அந்த உதவியின் அளவுக்குள் இருக்க வேண்டும். மற்றவரின் பதற்றத்தை விலையாக மாற்றும் அளவுக்குப் போகக் கூடாது.

அரசின் ரயில்வேயே இதைத்தானே செய்கிறது என்று ஒரு மறுப்பு வரலாம். இலவச அளவுக்கு மேல் உள்ள சுமையை முன்பே பதிந்தால் ஒன்றரை மடங்கு கட்டணம், பதியாமல் கொண்டுபோய்ப் பிடிபட்டால் ஆறு மடங்கு என்று அங்கே விதி இருக்கிறது. இந்த ஒப்பீட்டை நேராகவே எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வேறுபாடு இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. ரயிலில் ஆறு மடங்கு என்பது பதியாமல் ஏறியதற்கான தண்டம். நிலையத்திலேயே, புறப்படும் நாளிலேயே, பார்சல் அலுவலகத்துக்குப் போய் உரிய கட்டணத்தைக் கட்டிப் பதிந்துகொள்ளும் வாய்ப்பு அந்தப் பயணிக்கு இருந்தது. விமானப் பயணி எதையும் மறைக்கவில்லை. தன் பெட்டியைத் தானே தூக்கித் தராசில் வைத்து, இதோ என் சுமை என்று காட்டுகிறார். ரயில்வேயின் கணக்குப்படி பார்த்தால் அவர் முறையாகப் பதிய வந்தவர். அவருக்குத் தண்டக் கட்டணம் விதிக்க எந்தக் குற்றமும் நடக்கவில்லை.

அரசு விலையை நிர்ணயிக்க முடியாது என்பது அடுத்த மறுப்பு. இதற்குச் சட்டத்தின் பலமும் உண்டு. 2016இல் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம், உள்நாட்டு விமானங்களில் 15 கிலோவுக்கு மேல் 20 கிலோ வரை கிலோவுக்கு 100 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று உத்தரவிட்டது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017இல் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. அந்த வழியில் மீண்டும் போகச் சொல்லி நான் கேட்கவில்லை. வேறொரு வழியை உங்கள் இயக்குநரகமே திறந்துவைத்திருக்கிறது. 2021 பிப்ரவரியில், பெட்டி இல்லாமல் பயணம் செய்கிறவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் டிக்கெட் விற்க உள்நாட்டு நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்தபோது சில நிபந்தனைகளையும் அது விதித்தது. அப்படிப்பட்ட பயணி பெட்டியோடு கவுன்டருக்கு வந்தால் என்ன கட்டணம் என்பதை முன்பதிவின்போதே தெளிவாகக் காட்ட வேண்டும், டிக்கெட்டிலும் அச்சிட வேண்டும், அந்தக் கட்டணம் நியாயமானதாக இருக்க வேண்டும் என்றது. விலையை அரசு சொல்லவில்லை, நிறுவனம்தான் சொல்கிறது. ஆனால் பயணிக்குச் சொல்லிவிட்டு வாங்கு என்கிறது அரசு. சென்னையிலிருந்து மதுரைக்குப் பெட்டியில்லாத டிக்கெட்டில் போகிறவருக்குத் தேவை என்று கருதப்பட்ட இந்தப் பாதுகாப்பு, சென்னையிலிருந்தே துபாய்க்கு இரண்டு வருட வேலைக்குப் போகிறவருக்கு ஏன் தேவையில்லை? 1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 135ஆவது விதியும் கட்டணத்தை நிர்ணயிக்கும் உரிமையை நிறுவனங்களிடம் விட்டுவிட்டு, அதை வெளிப்படையாகக் காட்டும் கடமையையும் அவற்றின் மேல் வைக்கிறது. கட்டணம் மிகையானது என்று கண்டால் தலையிடும் அதிகாரத்தை இயக்குநரகத்துக்கும் கொடுக்கிறது.

வெளியே போக வழியில்லாத வாடிக்கையாளரிடம் விற்கும்போது விலை எப்படி ஏறும் என்பதை நீங்கள் நன்றாக அறிவீர்கள். விமான நிலையத்துக்குள் தேநீர் விலை மக்களை வாட்டுகிறது என்ற குரலைக் கேட்டுத்தான் 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும், 2025 பிப்ரவரியில் சென்னையிலும் உடான் யாத்ரி கஃபேயைத் திறந்துவைத்தீர்கள். 10 ரூபாய்க்குத் தேநீர், 20 ரூபாய்க்குச் சமோசா. நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் தேநீர் குடிக்காமலும் ஒருவர் விமானம் ஏறிவிடலாம். பெட்டி தராசில் இருக்கும் பயணிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

எனவே கேட்கிறேன். இந்தியாவிலிருந்து புறப்படும் எல்லாப் பன்னாட்டு விமானங்களின் டிக்கெட்டிலும், ஏஜென்ட் எடுத்ததானாலும் சரி, அனுமதித்த எடையையும் அதற்கு மேல் முன்கூட்டி வாங்கினால் என்ன விலை, கவுன்டரில் என்ன விலை என்பதையும் ரூபாயில் அச்சிட வைக்க வேண்டும். சுருக்கெழுத்தில் அல்ல, முழு வாக்கியத்தில்; பயணி தேர்ந்தெடுக்கும் இந்திய மொழியிலும். அதே செய்தி பயணத்துக்குச் சில நாள் முன்பு பயணியின் சொந்தக் கைப்பேசிக்குப் போக வேண்டும். ஏஜென்டின் எண்ணைப் பயணியின் எண்ணாகப் பதிந்திருந்து விலை பயணிக்குச் சொல்லப்படவில்லை என்றால், கவுன்டரிலும் முன்கூட்டிய விலையையே வாங்க வேண்டும். இந்த ஒரு நிபந்தனை போதும், எண்களைச் சரிபார்க்கும் வேலையை நிறுவனங்களே அக்கறையோடு செய்யும். முனையத்தின் நுழைவாயில் அருகே, கவுன்டர் வரிசைக்கு முன்னால், சட்டமுறை எடையளவுச் சட்டப்படி முத்திரையிட்ட தராசுகளை இலவசமாக வைக்க வேண்டும். அவற்றின் அருகே பெட்டியைப் பிரித்து மாற்றிக் கட்ட ஒரு மேசையும் வேண்டும். 2024இல் திறந்த திருச்சியின் புதிய முனையத்தில் இதற்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. இரு விலைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டுக்கு நிறுவனங்கள் சொல்லும் காரணத்தை இயக்குநரகத்தின் கட்டணக் கண்காணிப்புப் பிரிவு கேட்டு வாங்கி, தடம் வாரியாக வெளியிட வேண்டும். உச்சவரம்பு எதுவும் தேவையில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பட்டியல் போதும்.

இப்படிச் செய்தால் டிக்கெட் விலை ஏறும் என்று நிறுவனங்கள் எச்சரிக்கலாம். கொஞ்சம் ஏறவும் கூடும். இல்லை என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் டிக்கெட் விலை எல்லோரும் பார்க்கும் விலை. அதில் ஒரு நிறுவனம் 500 ரூபாய் கூட்டினால் பயணி அடுத்த நிறுவனத்தைப் பார்ப்பார், ஏஜென்டும் பார்ப்பார். அங்கே போட்டி வேலை செய்கிறது. கவுன்டர் விலையில் போட்டி கிடையாது. அந்த நிமிடத்தில் இன்னொரு நிறுவனத்திடம் யாரும் போக முடியாது. விவரம் தெரிந்தவர்களின் டிக்கெட் மலிவாக இருப்பதற்கான பணம், விவரம் தெரியாத தொழிலாளியின் சட்டைப்பையிலிருந்து வருகிறது என்றால் அந்த மலிவை அரசு காப்பாற்ற வேண்டியதில்லை.

வெளிநாட்டு நிறுவனங்களை நம் விதி கட்டுப்படுத்துமா என்ற தயக்கம் உங்கள் அதிகாரிகளுக்கு இருக்கலாம். அமெரிக்கா 2011இல் வகுத்த விதிகளின்படி, அந்த நாட்டுக்குப் போய்வரும் பயணத்தில் ஒரே டிக்கெட்டில் எத்தனை நிறுவனங்கள் மாறினாலும், தொடக்கத்தில் பொருந்திய பெட்டி அனுமதியும் கட்டணமுமே கடைசிவரை பொருந்தும். அந்த விவரம் டிக்கெட் உறுதிச் சீட்டிலும் இருக்க வேண்டும். வெளிநாட்டு நிறுவனங்களும் இதற்குக் கட்டுப்பட்டவைதான். கனடா 2019இல் கொண்டுவந்த பயணி பாதுகாப்பு விதிகளும் அந்த நாட்டுக்கு வந்துபோகும் எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்துகின்றன. அங்கே பறக்கும் அதே வளைகுடா நிறுவனங்கள்தான் இங்கேயும் பறக்கின்றன. அங்கே அச்சிட முடிந்ததை இங்கே அச்சிட முடியாது என்று அவை சொல்ல முடியாது. 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் இடத்தில் பாரதீய வாயுயான் அதிநியம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதன் கீழ் விதிகளைப் புதுப்பிக்கும் பணியிலேயே இதையும் சேர்த்துக்கொள்ளலாம். 2021ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின் நிபந்தனைகளைப் பன்னாட்டுப் பயணத்துக்கு நீட்டிக்கும் முதல் அடியையாவது, வளைகுடா விமானங்களில் கூட்டம் நெரியும் அடுத்த கோடை விடுமுறைக்கு முன் எடுத்து வைக்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு குடிமகன்