கலைவழிச் சமயப் பிரசார மறுப்பு

கிறித்துவ சமயத்தைப் பிறர்க்கு அறிவுறுத்தற்குப் பிரசங்கமும் துண்டுப் பிரசுரமும் போதா. முன்பின் அறியாதார் உள்ளத்தைத் தொடுதற்குப் பாட்டும் ஓவியமும் கூத்தும், அன்றாடம் கையாற் செய்யும் சிறு தொழில்களுமே சிறந்த வாயில்கள் என்பது அச்சமயத்தாருட் சிலர் இஞ்ஞான்று வற்புறுத்தும் கொள்கை. இறைவன் படைப்போன், மனிதன் அவன் சாயலாகப் படைக்கப்பட்டான், ஆதலின் மனிதன் ஒன்றை அழகுறச் செய்யுந்தோறும் படைத்தோனைப் பிறர்க்குக் காட்டுகின்றான் என்பது அவர் கூறுங் காரணம். அயலான் ஒருவனுக்குச் சித்திரமோ பாடலோ தம் கையால் ஆக்கிய பண்டமோ நட்போடு கொடுத்து, அதன் வழியே தம் விசுவாசத்தை அவன் நெஞ்சிற் புகுத்தலாம் என்பது அவர் காட்டும் நெறி. இக்கொள்கை மேற்பார்வைக்கு மிக இனிதாயிருத்தலின், இதனுட் கொள்ளத்தக்கது இது, தள்ளத்தக்கது இது எனப் பகுத்துணர்தல் சைவர்க்கு இன்றியமையாததாகும்.

தமிழ்நாட்டிற்கு இது புதிதன்று. இத்தாலியினின்றும் வந்த பெஸ்கி பாதிரியாராகிய வீரமாமுனிவர் 1726-ஆம் ஆண்டிலே 3615 செய்யுட்களாற் தேம்பாவணியை இயற்றினார். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) பெத்லகேம் குறவஞ்சி பாடினார். அவர் கீர்த்தனங்கள் இன்றும் திருச்சபைகளிற் பாடப்படுகின்றன. வைணவக் குடியிற் பிறந்து 1858-ல் ஞானஸ்நானம் பெற்ற கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியன் ஆங்கிலத்தில் எழுதிய மோட்சப் பிரயாணக் கதையைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்னும் பெருங்காப்பியத்தை 1894-ல் வெளியிட்டார். இவையெல்லாம் தமிழ்க் கலையைக் கொண்டு தமிழர்க்குக் கிறித்துவத்தை அறிவிக்க எழுந்தனவேயாம்.

இவற்றைக் கண்டு, "எம் குறவஞ்சியையும் எம் பண்ணையும் களவு கொண்டனர்" என்று சினப்பாருஞ் சைவருள் உளர். அச்சினம் நியாயமாகாது. என்னை? குறவஞ்சியும் கோவையும் கீர்த்தனமும் தமிழின் பொதுவுடைமை. ஒரு சமயத்தார்க்கே பட்டயம் செய்து கொடுக்கப்பட்டனவல்ல. சைவப் பெரும்புலவராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள், தம் நண்பராகிய கிறித்துவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளைமேற் குளத்தூர்க் கோவை பாடினார்கள். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள், பெர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழ்ப்படுத்தியபோது உடனிருந்து உதவினார்கள். தமிழைக் கொடுத்தார்களேயன்றித் தம் சமயத்தைக் கொடுத்தாரல்லர். கலத்தை எவரும் எடுத்தாளலாம். கலத்துள் இருப்பது யாது என்பதே ஆராயற்பாலது. அன்றியும் மேற்கூறிய மூவரும் தம் சமயத்தை மறைத்துப் பாடினாரல்லர். நூலின் பொருளே அதனை அறிவித்து நிற்கும். தம் கடவுள்மேற் கொண்ட அன்பால் அவர் பாடிய அளவிற்கு அவரைப் பழிப்பது அறிவுடைமையன்று.

இனி மறுக்கத்தக்கன இரண்டு. ஒன்று அவர் கூறுங் காரணம். மற்றொன்று அவர் காட்டும் நெறி.

முதற்கண் காரணத்தை ஆராய்வாம் என்பார்க்குச் சித்தாந்தம் கூறும் விடை தெளிவானது. குயவன் மண்ணை முதற்காரணமாகவும், சக்கரமும் தண்டும் ஆகியவற்றைத் துணைக்காரணமாகவும் கொண்டு, தான் நிமித்த காரணமாய் நின்று குடத்தை வனைகின்றான். அவ்வாறே மாயை முதற்காரணமாகவும், தன் சத்தி துணைக்காரணமாகவும், தான் நிமித்த காரணமாகவும் நின்று சிவபெருமான் உலகைத் தோற்றுவித்தருளுகின்றான். கிறித்துவ திருச்சபைகளோ, முதற்பொருள் ஒன்றுமின்றி, இன்மையினின்றே இறைவன் உலகைப் படைத்தான் எனக் கொள்ளும். மனிதன் செய்யுங் கலை இறைவன் தொழிலுக்குச் சான்றாகுமாயின், அச்சான்று எப்பக்கத்தார்க்குத் துணையாம்? வண்ணமும் கிழியுமின்றி ஓவியம் எழுதினார் எவர்? நூலின்றி ஆடை நெய்தார் எவர்? சொல்லும் சுரமும் முன்னரே உளவாகாமல் இசை பாடினார் எவர்? ஆகவே ஓவியன் கையும் குயவன் திரிகையும் உள்ளதனினின்றே உள்ளது தோன்றும் என்னும் சற்காரியவாதத்திற்குக் கரியாவனவன்றி, இன்மையினின்று படைத்தலுக்குக் கரியாகா என்பது வெளிப்படை.

அற்றேல், "உவமை ஒருபுடையே கொள்ளப்படும், அன்பினாற் பிறர்க்கென ஆக்குதல் என்னும் அளவிலேயே ஒப்புமை கூறினோம்" எனின், நன்று, அவ்வொரு புடையையே கொள்க. இறைவன் ஐந்தொழிலும் உயிர்களின் பொருட்டே நிகழ்வன. அவற்றால் அவன் பெறுவது யாதுமில்லை. கைம்மாறு கருதாமையே அவ்வன்பின் இலக்கணம். ஒருவன் மதம் மாறல் வேண்டும் என்னும் கருத்தை உள்ளடக்கி அவனுக்கு ஓவியம் கொடுப்பானாயின், அவன் கொடுத்தது கொடையன்று, விலையாம். வாங்குவோனுக்கு விலை இன்னதென்று சொல்லாமையால், அது நேரிய வாணிகமுமன்று. தாம் எடுத்துக்கொண்ட ஒருபுடை உவமையும் இவ்வாற்றால் அவர் கையினின்று நழுவுகின்றது.

இது காரணத்தின் குற்றம். நெறியின் குற்றம் இதனினும் பெரிது. சைவத் திருமரபிற் கலை என்பது இறைவனை முன்னிலையாகக் கொண்டது. அயலானை இலக்காகக் கொண்டதன்று. மழநாட்டு மங்கலத்தில் ஆனாய நாயனார் ஆநிரை மேய்க்குங்கால், பூத்த கொன்றையைச் சிவபெருமானாகவே கண்டு, அதன் எதிர்நின்று திருவைந்தெழுத்தை வேய்ங்குழலில் வாசித்தார். பசுக்கள் அசையிடலை மறந்தன. கன்றுகள் பாலுண்ணலை மறந்தன. தம்முட் பகைகொண்ட விலங்குகளும் ஒருங்கு வந்து நின்றன. நாயனார் அவற்றை வரவழைக்க வாசித்தாரா? அவை வந்ததை நோக்கினாரா? குழலோசை சென்றது கொன்றையடிக்கே. உலகம் உருகியது அதன் வழிவந்த பயன்.

திருநின்றவூர்ப் பூசலார் செய்தி இதற்கும் மேற்பட்டது. அவர் கட்டிய திருக்கோயில் மனத்தினுள்ளே கட்டியது. கல்லும் மரமும் தச்சரும் எல்லாம் நினைவிலேயே தேடி, நாள் குறித்துக் குடமுழுக்கும் அமைத்தார். அந்நாளிற்றானே காடவர்கோன் காஞ்சியில் எடுத்த கற்றளிக்கும் நாள் குறித்தான். இறைவன் அரசனது கனவில் தோன்றி, அந்நாளை மாற்றுமாறு பணித்துப் பூசலார் கோயிலுக்கே எழுந்தருளினான். காண்பார் ஒருவருமில்லாத அக்கலையே முதற்கண் ஏற்கப்பட்டது. பிறரைக் கவர்தலே கலையின் பயன் எனின், பூசலார் பணி வீண்பணியாதல் வேண்டும். அவ்வாறு சொல்லத் துணிவார் எவரும் இலர்.

"நாயன்மார் பாடல்களும் சமண பௌத்தரை வென்று மக்களைச் சைவத்திற் சேர்க்க எழுந்தனவே, அவற்றிற்கும் எம் முறைக்கும் வேற்றுமை யாது?" என அவர் வினவக்கூடும். வினாத் தகுதியுடையதே. திருஞானசம்பந்தப் பெருமான் பதிகங்களிற் பரசமய மறுப்பு உண்டென்பதை எவரும் மறைக்கவேண்டுவதில்லை. ஆயின் அம்மறுப்பு வெளிப்படையானது. மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் அழைக்க மதுரைக்கு எழுந்தருளிய பெருமான், எதிரிகள் அறிய, அரசன் அறிய, அனல்வாதமும் புனல்வாதமும் செய்தருளினார். நட்பின் பெயராற் பரிசில் நீட்டி, அதனுள்ளே வாதத்தை ஒளித்து வைத்தாரல்லர். வாதம் வாதமாகவும், வழிபாடு வழிபாடாகவும் நின்றன.

சித்தாந்தம் பயின்றார் இன்னொரு தடை எழுப்புவர். உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில், இறைவன் மானுடச் சட்டை சாத்திக் குருவாய் வருதலை, விலங்கைப் பிடித்தற்கு அவ்வினத்து விலங்கையே பார்வையாக நிறுத்துதலோடு ஒப்பிட்டனரன்றோ எனின், மெய்யே. ஆங்கே வேட்டுவன் இறைவன். எவ்வுயிர்க்கு மலபரிபாகம் வந்தது, எப்பொழுது சத்திநிபாதம் நிகழும் என்பதை அறிந்தவன் அவன் ஒருவனே. ஓருயிர் தானே வேட்டுவனாகி மற்றோருயிரைப் பிடிக்கப் புகுதல், தான் ஏந்தத்தகாத வில்லை ஏந்துதலேயாம்.

அன்றாடத் தொழிலும் அயலார் உள்ளமும் பற்றிச் சைவம் கூறுவதை அறிய விரும்புவார் திலகவதியாரை நோக்குக. தம்பியார் சமணஞ் சார்ந்து தருமசேனர் ஆயினார். அம்மையாரோ திருவதிகையில் வைகறையில் அலகிட்டு, மெழுகி, மலர் கொய்து, மாலை தொடுத்து வந்தார். அம்மாலை எதுவும் தம்பியாரைக் கவரும்படி தொடுக்கப்பட்டதன்று, இறைவனுக்கே தொடுக்கப்பட்டது. தம் துயரையும் அவன்பாலே முறையிட்டார். இறைவன் சூலைநோய் தந்து ஆட்கொள்ள, தம்பியார் தாமே தமக்கையார் திருவடியை நாடி வந்தார்; அப்பொழுது அம்மையார் திருநீறு கொடுத்தார். வந்து கேட்டார்க்கு மறையாது கொடுத்தலும், வாராதார் பொருட்டு இறைவனிடம் வேண்டி நிற்றலுமே சைவ நெறி. இதனினும் நுட்பமான சரியைத் தொண்டு வேறு யாது?

இவ்வளவும் பிறர்க்குக் கூறியதனோடு அமைந்துவிடின் சைவர்க்குப் பயனில்லை. இறைவனை நோக்கிய பாட்டு அயலார்க்குந் தானே எட்டும் என்பது மெய்யாயின், முதலில் அப்பாட்டு ஒலித்தல் வேண்டுமன்றோ? முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பிடாரரையும், உடன் கொட்ட இருவரையும், ஆக 50 பேரை நியமித்ததைக் கல்வெட்டுக் கூறும். இன்றோ பல திருக்கோயில்களிற் பூசை முடிவிலே ஒரு பாடல் விரைந்து சொல்லப்படுவதோடு திருமுறை அமைகின்றது. ஓதுவார் இல்லாத கோயில்களும் பல. ஒலிபெருக்கி முழங்குமிடத்துப் பண் மடிகின்றது. இந்நிலையிற் குறவஞ்சி போயிற்றே, கீர்த்தனம் போயிற்றே என்று பிறரை வெகுளுதல், தன் வீட்டு விளக்கை அவித்துவிட்டு அயல்வீட்டு வெளிச்சத்தைப் பழித்தலாகும்.

இதற்குப் பரிகாரமாக, "யாமும் அவர்போலப் படமும் பாட்டும் வழங்கி ஆள் சேர்ப்போம்" என்பாரும் உளர். அது மறுக்கப்பட்ட நெறியையே மாலையிட்டு வரவேற்பதாம். நாவலரவர்கள் 1847-ஆம் ஆண்டு திசம்பர் 31-ல் வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே பிரசங்கந் தொடங்கியபோது, பாதிரிமாரின் பிரசங்க முறையை எடுத்துக்கொண்டார்கள், தூண்டிலை எடுத்துக்கொண்டாரல்லர். பேசுவது இன்னது, பேசுவார் இன்னார் என்பது கேட்பார் எல்லார்க்கும் தெரிந்திருந்தது. இன்று வேண்டுவதும் அவ்வகைத் துணிவே. ஒவ்வோரூர்ச் சைவரும் தம் பிள்ளைகளுக்கு ஒரு பதிகமாவது பண்ணோடு பயிற்றுக. வாயிலிற் கோலமும் கோயிலில் மாலையும் இறைவன் பணியென்று அறிந்து செய்க. ஓதுவார்க்கு வயிறார வாழ வழிசெய்க. அயலான் வாயிலில் நின்று கேட்பானாயின் மகிழ்க. வினவுவானாயின் மறையாது விடை கூறுக. கேளாது செல்வானாயின் அவனையும் அன்போடு வழிவிடுக. அவன் காலத்தை அறிந்தவன் ஒருவன் உளன்.

திருச்சிற்றம்பலம்.