தடம் மட்டும் போதுமா?

கல்வராயன் மலையேறி மக்கள் வாழ்வை ஆராய விழையும் கருணாபுரத்து மாணவருக்கு நாம் நினைவூட்ட விரும்பும் பெயர் குரோவர் கிரான்ட்ஸ். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக மானிடவியல் பேராசிரியர். அந்நாட்டுக் காடுகளில் உலவுவதாகச் சொல்லப்படும் 'சாஸ்குவாட்ச்' என்னும் மாபெரும் வாலில்லாக் குரங்கு உண்மையே என்று பல்லாண்டு வாதிட்டார். சக அறிஞர்தம் ஏளனத்தையும், பதவி உயர்வின் தாமதத்தையும் தாங்கினார். 1969இல் பாஸ்பர்க்கில் காணப்பட்ட ஊனமுற்ற பாதத் தடமே அவரை உறுதிப்படுத்தியது. எலும்பொன்றும் கிட்டவில்லை.

அவர்தம் துணிவை மெச்சுகிறோம், முடிவை ஏற்றோமில்லை. மரத்தில் பாதம் செதுக்கியும் தடம் பதிக்கலாமன்றோ?

2002இல் மறைந்த அவர், தம் எலும்புக்கூட்டையே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்திற்கு ஈந்து சென்றார். 2009இல் அது காட்சிக்கு வந்தது. மாணவர் பார்த்துப் பயின்றனர்.