ஓட்டர் ஐடி தொலைந்தால் ஓட்டும் தொலைந்ததா?

தேர்தல் நாள் காலையில் பல வீடுகளில் ஒரு கலவரம் நடக்கும். பீரோ, டிரங்குப் பெட்டி, பழைய ஹேண்ட்பேக் என எல்லாவற்றையும் கவிழ்த்துப் போட்டு வாக்காளர் அட்டையைத் தேடுவார்கள். கிடைக்காவிட்டால், "சரி விடு, ஒரு ஓட்டுதானே" என்று டி.வி. முன்னால் உட்கார்ந்துவிடுகிறவர்களும் உண்டு. அட்டை இல்லாமலும் ஓட்டுப் போடலாம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

ஓட்டுரிமையைத் தருவது வாக்காளர் பட்டியலில் இருக்கும் பெயர்தான். அந்தப் பெயருக்கு உரியவர் நீங்கள்தான் என்று காட்டுவது மட்டுமே அட்டையின் வேலை. பெயர் இல்லையென்றால், புத்தம் புது அட்டை கையில் இருந்தாலும் பயனில்லை.

கள்ள ஓட்டைத் தடுக்க 1962 பொதுத் தேர்தலில் மைசூரில் தயாரான அழியாத மை வந்தது. ஒருவரே இரண்டு முறை ஓட்டுப் போடுவதை மை தடுத்தது. ஆனால், இன்னொருவர் பெயரைச் சொல்லி வந்து நிற்பவரை அதனால் அடையாளம் காட்ட முடியவில்லை. அதற்காகத்தான் 1993-ல், தலைமைத் தேர்தல் ஆணையராக டி.என்.சேஷன் இருந்தபோது, புகைப்பட அட்டை அறிமுகமானது.

அட்டை கட்டாயம் என்று மட்டும் சொல்லியிருந்தால், அதைத் தொலைத்த பாட்டியும், வெள்ளத்தில் பறிகொடுத்த குடும்பமும் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கும். கள்ள ஓட்டைத் தடுக்கப் போய் நல்ல ஓட்டைத் தடுத்த கதையாகிவிடும். அதனால்தான் தேர்தல் ஆணையம் மாற்று ஆவணங்களையும் ஏற்கிறது. 2024 மக்களவைத் தேர்தலில் அப்படி 12 ஆவணங்கள் இருந்தன.

ஆதார், பான் கார்டு, டிரைவிங் லைசென்ஸ், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டிய வங்கி அல்லது தபால் அலுவலக பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை, போட்டோவுடன் கூடிய பென்ஷன் ஆவணம், மாற்றுத்திறனாளி அடையாள அட்டை ஆகியவை அவற்றில் சில. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் கேட்கும் ரேஷன் கார்டு அந்தப் பட்டியலில் இல்லை. காலேஜ் ஐடியும் இல்லை. முதல் முறை ஓட்டுப் போடும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

வீடு தேடி வரும் பூத் சிலிப்பும் 2019 முதல் தனி ஆவணமாக ஏற்கப்படுவதில்லை. போனில் இருக்கும் ஆதார் படத்தையும் நம்ப வேண்டாம். வாக்குச்சாவடிக்குள் செல்போனுக்கு அனுமதி கிடையாது. ஒரிஜினல் கையில் இருக்கட்டும்.

அட்டையில் பெயர் எழுத்து மாறியிருக்கிறதே என்று தயங்கவும் வேண்டாம். ஆளை அடையாளம் தெரிந்தால், சின்னப் பிழைகளைப் பொருட்படுத்தக் கூடாது என்பதே அதிகாரிகளுக்கான அறிவுரை. வேறு தொகுதியில் வாங்கிய பழைய அட்டையும் செல்லும், இப்போதைய வாக்குச்சாவடிப் பட்டியலில் பெயர் இருந்தால்.

இத்தனைக்குப் பிறகும், "உங்க ஓட்டை யாரோ போட்டுட்டாங்களே" என்று சொன்னால்? 2018-ல் வந்த 'சர்கார்' படம் பிரபலமாக்கிய 49பி விதி அதற்குத்தான். நீங்கள்தான் உண்மையான வாக்காளர் என்று வாக்குச்சாவடித் தலைமை அலுவலரின் கேள்விகளுக்குத் திருப்தியாகப் பதில் சொன்னால், வாக்குச்சீட்டில் ஓட்டுப் போடலாம். ஆனால், அந்தச் சீட்டு தனி உறைக்குள் போய்விடும். வழக்கமான எண்ணிக்கையில் சேராது. வழக்கு வந்து நீதிமன்றம் கேட்டால்தான் அதற்கு வேலை. போன ஓட்டு அன்றைக்கே முழுதாகத் திரும்பி வருவதில்லை. வாசலில் ஐடி கேட்டால் எரிச்சல்படாமல் எடுத்துக் காட்டுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

'ஒரு ஓட்டுதானே' என்பவர்கள் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியை நினைத்துக்கொள்ளலாம். 2008 சட்டமன்றத் தேர்தலில், அங்கே அப்போதைய மாநில காங்கிரஸ் தலைவர் சி.பி.ஜோஷி தோற்றது ஒரே ஒரு ஓட்டில்.

எனவே, தேர்தல் அறிவிப்பு வந்ததும் வீட்டில் உள்ள அத்தனை பேரின் பெயரும் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். 1950 என்ற எண்ணில் கேட்கலாம். விடுபட்டிருந்தால் படிவம் 6 கொடுத்துச் சேர்க்கலாம். பீரோவைக் கவிழ்ப்பதைத் தேர்தல் நாள் வரை தள்ளிப்போடாதீர்கள்!