எண்ணெயை எடையால் விற்க வேண்டும்

ஹைதராபாத்தில் எங்கள் விடுதியின் உணவகக் குழுவில் ஓராண்டு பணியாற்றினேன். அப்போது நாங்கள் செய்த ஒரு பிழையிலிருந்தே இக்கருத்து பிறந்தது. சூரியகாந்தி எண்ணெய்க்கு இரண்டு விலைப்புள்ளிகள் வந்திருந்தன. ஒன்றில் டின் 2,250 ரூபாய். மற்றொன்றில் 2,130 ரூபாய். டின்னுக்கு 120 ரூபாய் மிச்சம் என மகிழ்ந்து இரண்டாவதற்குக் கையெழுத்திட்டோம். முதலாவது 15 கிலோ டின், இரண்டாவது 15 லிட்டர் டின் என்பதை மாதக் கணக்கை முடிக்கும்போதுதான் கவனித்தோம்.

ஒரு லிட்டர் சமையல் எண்ணெயின் எடை ஏறத்தாழ 910 கிராம். ஆகவே 15 லிட்டர் என்பது 13.65 கிலோ மட்டுமே. கிலோவுக்கு 150 ரூபாய் கேட்டவரை விலக்கிவிட்டு, 156 ரூபாய் கேட்டவரிடம் வாங்கியிருக்கிறோம். மாதம் இருபது டின் என்றால் நட்டம் 1,600 ரூபாய்க்கும் மேல். குழுவிலிருந்த ஐவரும் ஆய்வு மாணவர்கள்; அவர்களுள் இருவர் வேதியியல் துறையினர்.

அடர்த்தி ஒரு மாறிலியாக இருந்தால், இதனை 0.91 என்னும் பெருக்கலோடு முடித்துவிடலாம். ஆனால் எண்ணெய் வெப்பத்தில் விரிகிறது. ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில் வெளியிட்ட விவரப்படி, ஒரு லிட்டர் சோயா எண்ணெயின் எடை 21 டிகிரி செல்சியசில் 919.1 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம். சில நிறுவனங்கள் தம் உறைகளில் 60 டிகிரி வரை வெப்பநிலையைக் குறித்து, அந்த நிலையில் ஒரு லிட்டர் என்று அச்சிட்டு வந்தன. எண்ணெய் குறைந்தது; அச்சிட்ட சொல் பொய்யாகவில்லை. வெப்பநிலையைக் குறிப்பிடாமல், கொள்ளளவுடன் எடையையும் அச்சிடுமாறு துறை அப்போது அறிவுறுத்தியது. நல்ல நடவடிக்கைதான்; ஆயினும் பாதி வழியில் நின்றுவிட்டது. எடையே முதன்மை அளவாக வேண்டும். விலையும் அதன்மீதே அமைய வேண்டும்.

சமையலறையில் எவரும் எண்ணெயை நிறுத்து ஊற்றுவதில்லை என்று மறுப்போர் உண்டு. உண்மை. முகத்தலளவை நமக்குப் புதிதுமன்று. கோயில் விளக்குக்கு நாள்தோறும் உழக்கு நெய் என்றே சோழர் கல்வெட்டுகள் கூறுகின்றன. ஆனால் முகந்து விற்ற காலத்தில் அளவை வாங்குபவரின் கண்முன் நிகழ்ந்தது. மூடிய உறையை வெட்டி ஊற்றி எவரால் அளக்க முடியும்? தராசிலோ உறையைப் பிரிக்காமலே வைத்துப் பார்க்கலாம். தராசு இல்லாத மளிகைக் கடையும் இல்லை. நுகர்வோர் தாமே சரிபார்க்கக்கூடிய அளவையே நேர்மையான அளவை.

உடல்நலத்திற்கும் இதில் தொடர்புண்டு. இதே நகரின் தார்நாகாவிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கிலோகலோரி உணவுக்கு நாளொன்றுக்கு 27 கிராம் எண்ணெய், கொழுப்பு என்கிறது. நால்வர் கொண்ட குடும்பத்திற்கு மாதம் 3,240 கிராம். லிட்டரில் ஏறக்குறைய மூன்றரை. அறிவுரை கிராமிலும் விற்பனை லிட்டரிலும் இருக்கையில், இடையிலுள்ள வகுத்தலை யார் செய்வது?

விடுதிக் குழுக்களில் இருக்கும் நண்பர்கள் அடுத்த விலைப்புள்ளியில் எண்ணோடு அலகையும் பாருங்கள். எடையில் விலை கேளுங்கள். நாங்கள் அந்தப் பாடத்தைப் பணம் கொடுத்துப் படித்தோம்.